கூட்டிச் சொன்ன ஒன்றரை வயது

திருக்கோணமலை,
தாரண வருடம் வைகாசி 20.

அன்பு மகன் சொரிமுத்துவுக்கு அப்பா மனமார எழுதிக்கொள்வது. பத்திரகாளி அம்மன் துணையால் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாமாவும் அத்தையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் மனதுக்கும் சுகம். இடையில் இதைப் பிரித்துப் படிக்கிற தணிக்கைத் துரை யாரோ, அவரும் நலமாக இருக்கட்டும், போன கடிதத்தில் அவர் கத்தரித்த இடங்களெல்லாம் கோடு போட்டதுபோல நேராக இருந்தன, நல்ல கை. அவருக்கு வேலை வைக்காமல் துறைமுகத்தில் என்ன நிற்கிறது, என்ன போகிறது என்று நான் ஒன்றும் எழுதப் போவதில்லை, எழுதினாலும் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக் கால்சட்டையும் பித்தளைப் பொத்தானும்தான்.

உன் பங்குனிக் கடிதம் சித்திரை கழிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. பாளையங்கோட்டைக் கடையில் பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைக்கிறாய் என்பதும், காலர் வேலையை உன்னிடமே கொடுக்கிறார்கள் என்பதும் வாசித்துப் பக்கத்துக் கடை ஸஹாப்தீனிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். ஆனால் கடைசி இரண்டு வரியை அவரிடம் வாசித்துக் காட்டவில்லை. பத்திரத்தைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன் அப்பா, ஆகிறபோது ஆகட்டும் என்று எழுதியிருந்தாய். கோபத்தில் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை, நீ கோபக்காரன், என் பிள்ளை வேறு எப்படி இருப்பான். அலுத்துப்போய் எழுதியிருக்கிறாய். அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரக் குடியிருப்புப் பத்திரம் போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. சந்தோஷப்படாதே, அதில் உன் பெயர் இல்லை. உன் பெயர் இல்லாமல் போனது பத்திரம் கொடுக்கிற கந்தோர்க்காரரின் பிழையும் இல்லை, உன் பிழையும் இல்லை, என் பிழை. அதைச் சொல்லத்தான் கடையை ஒரு நேரம் பூட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதற்கு முன் நம் வீட்டுச் செய்தி. கடையில் வேலைக்குக் குறைவில்லை, கப்பல்காரர்கள் கால்சட்டையைக் கொண்டுவந்து இடுப்பைச் சுருக்கு, காலை அகட்டு என்று நிற்கிறார்கள், பேச்சு விளங்காவிட்டாலும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். உன் மெசினை வாரம் ஒருதரம் எண்ணெய் விட்டுத் துணியில்லாமல் ஓட்டி வைக்கிறேன். அரிசி கூப்பனுக்குக் கிடைப்பதுதான், மற்ற நாளெல்லாம் கோதுமை மாவில் தட்டிய ரொட்டி, என் ரொட்டி எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸஹாப்தீனின் மனைவி ஸாலிஹா சனிக்கிழமைதோறும் மீன் கறி அனுப்புகிறாள், வெள்ளியில் நான் மச்சம் தொடமாட்டேன் என்பதை அவள் மறப்பதே இல்லை. அண்ணன் பகலெல்லாம் நூலைத்தான் தின்னுறாரோ, எலும்பும் தோலுமாப் போறாரே என்று ஸஹாப்தீனிடம் கேட்டாளாம். அவர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு எனக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று துணியை எடுத்தேன், அளவு எடுக்க ஆளில்லை. ஊர்ப்பட்ட பேருக்கு அளவெடுக்கிறவன் தன் முதுகுக்கு டேப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே, அது நீ அல்லவா பிடிப்பாய். கடைசியில் பழைய சட்டையை விரித்து வைத்து அதன்படி வெட்டினேன். போட்டுப் பார்த்தால் தோள் இரண்டும் தொங்குகிறது, இடுப்பில் இன்னொரு ஆள் புகலாம். அப்போதுதான் உடம்பு வற்றியிருப்பது தெரிந்தது. தெருவில் இறங்கினால் முன்பு பார்க்காத கூட்டம், காது கொள்ளாத சத்தம், ஆனாலும் தனியாக இருக்கிறேன் மகனே, மறைத்து என்ன பயன். பேச்சுக்கு ஆள் உண்டு, என்னை அப்பா என்று கூப்பிடத்தான் ஒருவரும் இல்லை.

உன்னை அனுப்பிவைத்தவனும் நான்தான். இந்த யுத்தத்தில் குண்டு விழுந்த அன்று எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்து, புகை நாட்கணக்கில் அடங்காமல், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு மூதூர்ப் பக்கமும் காட்டுப் பக்கமும் ஓடியபோது, நீ போகமாட்டேன் என்று மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் கையைப் பிரித்து, இந்தியாவில் மாமாவிடம் போகக் கொழும்பு லொறியில் ஏற்றியவன் நான். மூன்று மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும், வந்துவிடலாம் என்றேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது. போகும்போது யாரும் ஒரு காகிதமும் கேட்கவில்லை, திரும்பி வருவதற்கு மட்டும் தகப்பன் இங்கே நிரந்தரக் குடி என்ற பத்திரம் வேண்டும் என்று சொல்லி, சென்ற வருடம் உன்னைக் கப்பலடியிலிருந்து திருப்பி அனுப்பினார்களே, அந்தச் செய்தி வந்த அன்று நான் கடை திறக்கவில்லை.

அந்தப் பத்திரத்துக்கு நான் அலைந்த அலைச்சலை உனக்கு முழுதாக எழுதியதில்லை, எழுதினால் நீ கவலைப்படுவாய் என்று விட்டுவிட்டேன். முதல் விண்ணப்பம் குண்டு விழுந்த வருடம் ஆனியில் கொடுத்தது. கந்தோர்க் காகிதங்களைப் பாதுகாப்புக்கு உள்நாட்டுக்கு வண்டியேற்றியபோது அது எங்கேயோ தொலைந்துவிட்டது, மறு வருடம் மாசியில் திரும்பவும் முதலிலிருந்து. ஐந்து வருடம் இங்கேயே தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். இருபத்தாறு வருடம் இருக்கிறேன் ஐயா என்றேன், இருபத்தாறு வேண்டாம், ஐந்துக்குக் காகிதம் கொண்டுவா என்றார்கள். நம் வீட்டுக்காரர் குண்டுக்குப் பயந்து மட்டக்களப்புக்குப் போனவர் போனவர்தான், வாடகை ஒப்பந்தமெல்லாம் அவர் பெட்டியில். நிலபுலம் உள்ள இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள், ஒருவரைப் பிடித்தால் மற்றவர் ஊரில் இல்லை. பிறகு விசாரணை. விசாரித்த துரை நல்ல மாதிரிதான் பேசினார், ஆனால் அவர் கோட்டில் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னதில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. எந்த வருடங்களில் இந்தியா போனாய், எதற்குப் போனாய் என்று கேட்டார். தலைப்பிரசவத்துக்குப் பெண்டாட்டியைத் தாய்வீட்டில் விடப் போனேன் என்றேன். இங்கே ஆஸ்பத்திரி இல்லையா என்றார். இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா இல்லையே என்றேன். இரண்டாம் தரம் ஏன் போனாய் என்றார். பிள்ளைக்கு முதல் முடி இறக்கச் சாஸ்தா கோவிலுக்குப் போனேன் என்றேன். இங்கே முடி வெட்டுகிறவர் இல்லையா என்று கேட்பாரோ என்று பார்த்தேன், கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். உனக்கு அங்கே என்ன இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று கடைசியில் கேட்டார். அங்கே சாமி இருக்கிறது, இங்கே என் பெண்டாட்டியை எரித்த இடமும் என் தொழிலும் என் மகன் படித்த பள்ளிக்கூடமும் இருக்கின்றன என்றேன். அதுவரை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவர் அப்போது என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

பள்ளிக்கூடம் என்று வாயில் வந்ததும்தான் எனக்குப் புத்தி ஓடியது. உன் பள்ளிக்கூடச் சான்றிதழ் பெட்டியில் இருந்தது. நீ எந்த வருடம் சேர்ந்தாய், எந்த வருடம் முடித்தாய், தகப்பன் பெயர், தொழில், தெரு எல்லாம் அதில் உண்டு, பத்து வருடத்துக்கு மேல் இங்கே குடியிருந்ததற்கு அதைவிட என்ன காகிதம் வேண்டும். ஓட்டமாக ஓடிக் கொண்டுவந்து கிளாக்கர் இராசதுரையிடம் கொடுத்தேன். அவரை உனக்குத் தெரியும், கலியாணக் கோட்டு நாம்தான் தைத்துக் கொடுத்தோம். அட அண்ணை, இதை முதலே கொண்டு வந்திருக்கலாமெல்லோ, இது காணும், வேறொண்டும் வேண்டாம் என்று சந்தோஷமாக வாங்கி, படிவத்தில் குறையாக இருந்த இடங்களையும் அதைப் பார்த்தே நிரப்பினார். எல்லாம் ஆங்கிலம், அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று வீட்டுக்கு வந்து நானாகவே பாயசம் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது, அப்படியே தின்றேன்.

அந்தச் சான்றிதழில் உன் பிறந்த தேதி 1922 மார்ச் 2 என்று இருக்கிறது. நீ பிறந்தது ருத்ரோத்காரி வருடம் ஆவணி 24, அதாவது அதற்கு ஒன்றரை வருடம் பிந்தி. தகப்பன் பத்திரத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், கையெழுத்தாகிற நாளில் பிள்ளைக்கு இருபத்தொன்று ஆகியிருக்கக் கூடாதாம். ஆகிவிட்டால் அவன் தனி ஆள், ஐந்து வருடம் இங்கே இருந்து தானே விண்ணப்பிக்க வேண்டும், வெளியே நிற்கிறவன் அது எப்படிச் செய்வான். காகிதத்தின்படி உனக்கு இருபத்தொன்று சென்ற வருடமே ஆகிவிட்டது. உண்மையில் ஆவணிக்குத்தான் ஆகிறது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அந்த ஒன்றரை வயதைக் கூட்டிச் சொன்னது நான். உனக்கு நாலு வயது நிறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கடைக்குள் ஓடியும் தாவியும் மெசினுக்குள் கையை விட்டு, ஊசி உன் சுட்டுவிரலில் இறங்கியது. இரத்தத்தைப் பார்த்து உன் அம்மா என்னைத் திட்டின திட்டு அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. இனி இவனைக் கடையில் வைத்திருக்க முடியாது என்று அந்த விசயதசமிக்கே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து வயது ஆகாத பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள், ஐந்தரை என்று சொன்னேன். பிறப்புப் பதிவு கேட்டார்கள், இந்தியாவில் பிறந்தவன் என்றேன். அப்படியானால் காதைத் தொடச் சொல்லுங்கள் என்றார் இரத்தினசிங்கம் வாத்தியார். வலது கையைத் தலைக்கு மேலால் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பால் குடிக்க வேண்டியதுதான், அப்போது அதுதானே வழக்கம். உன் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. நான் உன்னைக் கொஞ்சுகிற சாக்கில் தலையை மெல்லச் சாய்த்துப் பிடித்தேன், விரல் நுனி காதில் பட்டது. வாத்தியார் எழுதிக்கொண்டார். தையற்காரன் துணியை இழுத்து அளவு காட்டுவதுபோல உன்னை இழுத்து அளவு காட்டினேன், அதைக் கெட்டிக்காரத்தனம் என்று பல பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். பதினேழு வருடம் கழித்து அது உன்னை வாசலில் நிறுத்தும் என்று எனக்கு எப்படித் தெரியும். தெரியாது என்பதால் பிழை இல்லை என்றாகிவிடாது, என்னை மன்னித்துக்கொள் மகனே.

விஷயம் தெரிந்த அந்த வாரமே, சனிக்கிழமை காலை லோஞ்சுப் படகில் மூதூர் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் கிளிவெட்டிக்குப் போனேன். வாத்தியார் பென்சனெடுத்து அங்கேதான் வயல் பார்க்கிறார். நான் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்த பழைய சட்டை இன்னும் அவர் உடம்பில், தையல் ஒன்றும் விடவில்லை. கதிரையைப் போட்டு உட்காரவைத்து, மோர் தந்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பொடியன்ர கை காதுக்கு எட்டேல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், நீங்கள் தலையைச் சரிச்சுப் பிடிச்சதையும் கண்டனான், பிள்ளையள் தொகை காணாதெண்டு பள்ளிக்கூடத்தை மூடப் பாத்தவங்கள், ஒரு தலையாவது கூடட்டும் எண்டு நானும் எழுதிப்போட்டன் என்றார். இத்தனை வருடமாக நான் அவரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், மனிதர் என்னைவிடக் கள்ளர். ஆனால் வெறுமனே வயதைத் திருத்தி எழுதிக் கேட்டால் தர மாட்டேன் என்றார். நான் பொய் எழுதினனான் எண்டு இந்த வயதில கையெழுத்து வைக்க ஏலாது தம்பி, பிள்ளைக்குச் சோதிடர் எழுதின சாதகத்தைக் கொண்டு வாங்கோ, அதைப் பாத்து வயது பிழையாப் பதியப்பட்டது எண்டு எழுதித் தாறன், அது உண்மைதானே என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவு தங்கச் சொன்னார், தங்கி, மறுநாள் திரும்பினேன்.

ஆகவே உன் சாதகம் வேண்டும். நீ லொறி ஏறிய அன்று உன் டிரங்குப் பெட்டியின் அடியில், உன் அம்மாவின் நீலச் சேலைத் துண்டில் சுற்றி வைத்தேன், எனக்கு ஏதும் ஆகிவிட்டால் உனக்குப் பெண் பார்க்கிறவர்களுக்கு வேண்டுமே என்று. அம்பாசமுத்திரத்துச் சோதிடர் எழுதியது, அவர் கையெழுத்து உடைந்த கோழி முட்டை மாதிரி இருக்கும், ஆனால் வருடமும் மாதமும் தேதியும் தெளிவாக இருக்கிறது. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பு. தணிக்கைத் துரை பிரித்துப் பார்த்துச் சங்கேதம் என்று நினைத்துவிடாதபடி மேலே சாதகம் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல், மாமாவின் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும்.

பத்திரத்தை என்ன செய்தீர்கள் என்று நீ கேட்பாய். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது. செவ்வாய்க்கிழமை இராசதுரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேசையில் பத்திரம் இருந்தது, முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டு, தடித்த நல்ல காகிதம். வாங்கியதற்குப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியாதே, ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள் ஐயா என்றேன், என் பெயரை அந்தக் காகிதத்திலிருந்து கேட்க ஆசை. அவர் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். பெயர் மாடசாமி. தகப்பன் பெயர் வேலாண்டி. தொழில் தையல். மனைவி, காலமானார். பிள்ளைகள், இல்லை. நான் திரும்பக் கேட்டேன். பிள்ளைகள் இல்லை எண்டிருக்கு அண்ணை, இருபத்தொண்டுக்கு மேல் எண்டால் இந்தக் கட்டத்தில அப்பிடித்தான் போடுவினம், அது சும்மா ஒரு எழுத்து, நீங்கள் யோசிக்காதேங்கோ என்றார். அப்போதுதான் வயதுக் கதை வெளியே வந்தது, நான் அந்த இடத்திலேயே பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, அண்ணை, இதை இப்ப வாங்காமல் விட்டால் பைல் திரும்பக் கொழும்புக்குப் போகும், பொய் வயது குடுத்த ஆள் எண்டு உங்களையும் சேர்த்து விசாரிப்பினம், உள்ளதும் இல்லாமல் போயிடும், பேசாமல் கையெழுத்தை வையுங்கோ, பொடியனைப் பிறகு பாப்பம் என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். அந்தக் காகிதம் கையில் இருந்தால் நாளைக்கு யாரும் என்னை இந்தியாக்காரன், போய்விடு என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் அதற்காகத்தானே அலைந்தேன். ஆனாலும் பேனாவுக்கு மூடியைப் போட்டு அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பைல் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போயிற்று. இனி என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இதைக் கேட்டு நீ பயப்படவும் வேண்டாம், மாமாவிடம் சண்டை பிடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கவும் வேண்டாம். அவர்கள் சோறு போடுகிறார்கள், பணிவாக இரு. காக்கித் துணி முரடு, கண்ணுக்குக் கிட்ட வைத்துத் தைக்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நம் சாஸ்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் அம்மாவின் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. சாதகத்தை இந்தக் கடிதம் கண்டவுடன் அனுப்பு, தபால் ஒன்றரை மாதம் எடுக்கிறது, ஆவணி 24 யாருக்காகவும் காத்திருக்காது. ஒருவேளை அங்கேயே இருந்துவிடலாம் என்று உன் மனம் திரும்பியிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுது, நான் கோபிக்க மாட்டேன், உன் வயது உனக்கு. ஆனால் நீ வந்தாலும் வராவிட்டாலும், எனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்,
வே. மாடசாமி.